விளையாட்டில் வீரம், கடலில் கொடுமை: கடற்கொள்ளை இன்னும் ஓயாதது ஏன்?

எலெக்ட்ரானிக் சிட்டி (பெங்களூரு): கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில், தமிழக எல்லைக்கு அருகே ஓசூர் சாலையில் அமைந்துள்ளது எலெக்ட்ரானிக் சிட்டி. கடலே இல்லாத இதுபோன்ற மென்பொருள் நகரங்களில் கடற்கொள்ளையர் பலருக்கும் அறிமுகமானது கணினித் திரையில்தான். 1987-இல் வெளியான சிட் மையரின் 'பைரேட்ஸ்', 1990-இல் வந்த 'மங்கி ஐலண்ட்' போன்ற விளையாட்டுகள் கடற்கொள்ளையரைச் சாகசக்காரராகக் காட்டின. பெருக்கல் குறியிட்ட புதையல் வரைபடம், தோளில் கிளி, ஒற்றைக் கால் மாலுமி ஆகிய அடையாளங்களைப் பரவலாக்கியது, 1883-இல் நூலாக வெளிவந்த ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு'.

இன்றைய கடற்கொள்ளையர் தேடுவது புதையலை அல்ல, பிணைக் கைதிகளை. தாய்க்கப்பலாகப் பயன்படும் மீன்பிடிப் படகிலிருந்து விசைப்படகுகளில் புறப்பட்டு, வேகம் குறைந்த சரக்குக் கப்பல்களில் ஏணி வைத்து ஏறுகின்றனர். மாலுமிகளைத் துப்பாக்கி முனையில் சிறைபிடித்துப் பணம் கேட்கின்றனர்.

சோமாலியாவில் 1991-இல் மைய அரசு வீழ்ந்ததும், காவலற்ற கடலில் அந்நியக் கப்பல்கள் சட்டவிரோதமாக மீன் பிடித்ததும் இதற்கு வழிவகுத்தன. நாளடைவில் மீட்புப் பணமே தொழிலானது. 2011-இல் சோமாலியக் கொள்ளையர் தொடர்பாக 237 சம்பவங்கள் பதிவாகின.

மாலுமிகளை அதிகம் அனுப்பும் நாடுகளுள் ஒன்றான இந்தியாவுக்கு இது தொலைதூரத்துச் செய்தி அல்ல. 2010 செப்டம்பரில் 'அஸ்ஃபால்ட் வெஞ்சர்' கப்பல் 15 இந்தியர்களுடன் கடத்தப்பட்டது. 2011 ஏப்ரலில் மீட்புப் பணம் தரப்பட்ட பிறகும், இந்தியா கைது செய்த தங்கள் கூட்டாளிகளை விடுவிக்கக் கோரி 7 இந்தியர்களைக் கொள்ளையர் பிடித்து வைத்தனர். நான்கு ஆண்டுகளுக்கும் மேலான சிறைவாசத்துக்குப் பின், 2014 அக்டோபரில்தான் அவர்கள் விடுதலையாகினர்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின்படி, எந்த நாட்டின் ஆட்சி எல்லைக்கும் உட்படாத கடலில், ஒரு கப்பலில் இருப்போர் தனிப்பட்ட ஆதாயத்துக்காக மற்றொரு கப்பலைத் தாக்குவது கடற்கொள்ளை. கரையிலிருந்து 12 கடல் மைலுக்குள் நடப்பது ஆயுதக் கொள்ளையாகவே கருதப்படும்.

1999-இல் கடத்தப்பட்ட ஜப்பானியருக்குச் சொந்தமான 'அலோண்ட்ரா ரெயின்போ' கப்பலை இந்தியப் படைகள் மீட்டன. பிடிபட்ட இந்தோனேசியர்களுக்கு மும்பை நீதிமன்றம் 2003-இல் தண்டனை விதித்தது. ஆனால் 2005-இல் உயர் நீதிமன்றத்தில் அவர்கள் விடுவிக்கப்பட்டனர். கடற்கொள்ளைக்கெனத் தனிச் சட்டம் இல்லாத குறையை அவ்வழக்கு உணர்த்தியது. அக்குறையைப் போக்க, 2022 டிசம்பரில் கடற்கொள்ளைத் தடுப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. இக்குற்றத்துக்கு ஆயுள் சிறை வரையும், உயிரிழப்பு நேர்ந்தால் மரண தண்டனை வரையும் விதிக்க அது இடமளிக்கிறது.

மீண்டும் தலைதூக்கல்

செங்கடலில் ஹூதிகளின் தாக்குதல் மீது உலகக் கடற்படைகளின் கவனம் திரும்பிய 2023-இன் இறுதியில், சோமாலியக் கொள்ளையர் மீண்டும் தலைதூக்கினர். 2024 ஜனவரியில் 'லீலா நார்ஃபோக்' கப்பலில் கொள்ளையர் ஏறியபோது, 15 இந்தியர் உள்ளிட்ட 21 பேரும் கப்பலின் பாதுகாப்பு அறைக்குள் தஞ்சமடைந்தனர். 'ஐ.என்.எஸ். சென்னை'யிலிருந்து சென்ற கடற்படைக் கமாண்டோக்கள் அவர்களைப் பத்திரமாக மீட்டனர். அதே ஆண்டு மார்ச்சில், சுமார் 40 மணி நேர நடவடிக்கைக்குப் பின், 'ரூவன்' கப்பலில் இருந்த 35 கொள்ளையர் சரணடைந்தனர். 17 மாலுமிகள் விடுவிக்கப்பட்டனர். கொள்ளையர் மும்பைக்குக் கொண்டுவரப்பட்டு, காவல்துறையிடம் ஒப்படைக்கப்பட்டனர்.

இந்தக் கண்காணிப்பில் பெங்களூருக்கும் பங்குண்டு. 2013-இல் விண்ணில் ஏவப்பட்ட, கடற்படைக்கான தகவல் தொடர்புச் செயற்கைக்கோளான ஜிசாட்-7, இஸ்ரோ உருவாக்கியது. கடலோர ரேடார் வலையமைப்பை நிறுவியது, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ்.

சிறுவர்களின் புதையல் வேட்டையில் தவறேதும் இல்லை. அதில் தோற்றவர் மறுநாள் மீண்டும் ஆடலாம். கடத்தப்பட்ட கப்பலில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியுடன் கரையில் ஒரு குடும்பம் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க நேரிடுகிறது.