500 ரூபாய் அபராதம்: எதிர்த்துக் கேட்க எவ்வளவு செலவு?

வடசென்னையின் கத்திவாக்கத்துக்கு வடக்கே காமராஜர் துறைமுகம், தெற்கே சென்னைத் துறைமுகம். இரண்டுக்கும் இடையே ஓடும் கண்டெய்னர் டிரெய்லர்களுக்குச் சாலையில் வரிசை கட்டி நிற்பதும் வேலையின் ஒரு பகுதி. முன்னே நிற்கும் வண்டி நகர்ந்தால்தான் பின்னே நிற்பது நகர முடியும். அப்படி நின்ற வண்டிக்கு ‘நோ பார்க்கிங்’ சலான் வந்தால், அது நிறுத்தமா காத்திருப்பா என்று யாராவது கேட்டு முடிவு சொல்ல வேண்டும். அந்த யாரோ ஒருவர் சுதந்திரமானவரா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. முதலில் ரூபாய்க் கணக்கைப் பார்ப்போம்.

கட்டிவிட்டால் ஆகும் செலவு

இத்தகைய சலானுக்குப் பொருந்தும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் பிரிவு 177-இல் முதல் முறைக்கு 100 ரூபாய், அடுத்த முறைக்கு 300 ரூபாய் என்று இருந்த அபராதம், 2019 திருத்தத்தில் 500 ரூபாயாகவும் 1,500 ரூபாயாகவும் உயர்ந்தது. இரண்டும் சரியாக ஐந்து மடங்கு. தமிழ்நாட்டில் புதிய தொகைகள் 2022 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தன.

‘500 ரூபாய்தானே, கட்டிவிட்டுப் போகலாம்’ என்று பலரும் நினைக்கிறார்கள். அதே 2019 திருத்தம் பிரிவு 200-இல் ஒரு நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. அபராதம் கட்டிச் சமரசமாக முடித்துக்கொண்டாலும், அடுத்த முறை மாட்டும்போது அது முந்தைய குற்றமாகவே கொள்ளப்படும். ஆகவே செய்யாத தவறுக்கு இன்று 500 ரூபாய் கட்டுபவர், அடுத்த சலானை 500 ரூபாயிலிருந்து 1,500 ரூபாய்க்கு ஏற்றிவிடுகிறார். அவர் ஒப்புக்கொண்ட சுமை 500 + 1,000 = 1,500 ரூபாய்.

எதிர்த்தால் ஆகும் செலவு

2026 ஜனவரியில் மத்திய மோட்டார் வாகன விதி 167-இல் வந்த திருத்தத்தின்படி, சலானைப் பெற்றவருக்கு 45 நாள் அவகாசம். அதற்குள் கட்டலாம், அல்லது ஆதாரத்தோடு குறைதீர்ப்பு அதிகாரியிடம் மறுக்கலாம். அவர் மறுப்பை ஏற்காவிட்டால் 30 நாளுக்குள் கட்ட வேண்டும். அல்லது சலான் தொகையில் 50 சதவீதத்தை முன்பணமாகச் செலுத்திவிட்டு நீதிமன்றம் போக வேண்டும்.

ஓட்டுநரின் நாள் வருமானம் 800 ரூபாய், நீதிமன்றத்துக்கு 2 நாள் அலைச்சல், போக்குவரத்துக்கும் நகல் எடுக்கவும் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வக்கீல் கட்டணத்தைச் சேர்க்கவில்லை.

– இழக்கும் வருமானம்: 2 × 800 = 1,600 ரூபாய்
– பயணம், நகல்: 200 ரூபாய்
– முன்பணம்: 250 ரூபாய்
– கையிலிருந்து முதலில் போவது: 2,050 ரூபாய்
– வென்றால் (முன்பணம் திரும்பினால்) நிகர இழப்பு: 1,800 ரூபாய்
– தோற்றால் மொத்த இழப்பு: 1,800 + 500 = 2,300 ரூபாய்

500 ரூபாயைக் காப்பாற்ற 1,800 ரூபாய், அதாவது 3.6 மடங்கு. அடுத்த சலானின் ஏற்றத்தையும் சேர்த்த 1,500 ரூபாயோடு ஒப்பிட்டாலும், வென்றவருக்கே 300 ரூபாய் நட்டம். உழைத்துச் சாப்பிடும் எவரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகு கோர்ட்டுக்குப் போக மாட்டார். எழுத்தில் குறைதீர்ப்பு அதிகாரி முதல் படி. கத்திவாக்கத்து ஓட்டுநருக்கு அவரே கடைசிப் படியும்.

அதனால்தான் அந்த நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பது முக்கியமாகிறது. சலான் எழுதுவது போலீஸ். புகைப்படம் இருப்பதும் அவர்களிடம். மறுப்பைக் கேட்பவரும் அதே துறையின் சம்பளத்தில், அதே மேலதிகாரியின் கீழ் இருந்தால், அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் தீர்ப்பில் நம்பிக்கை பிறக்காது.

நீதிமன்றங்கள் வரைந்த கோடு

இந்தக் கேள்வி சாலைப் போக்குவரத்துக்குப் புதிதல்ல. ஆந்திராவின் கிருஷ்ணா மாவட்டத்தில் பஸ் போக்குவரத்தை அரசே எடுத்துக்கொள்ளும் திட்டத்தைத் தனியார் பஸ் உரிமையாளர்கள் எதிர்த்தார்கள். அவர்களின் ஆட்சேபங்களைக் கேட்டவர் போக்குவரத்துத் துறையின் செயலாளர், முடிவெடுத்தவர் முதலமைச்சர். குல்லப்பள்ளி நாகேஸ்வர ராவ் வழக்கில் 1958 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. வழக்கில் ஒரு தரப்பான துறையின் அதிகாரியே விசாரிப்பது தவறு, ஒருவர் கேட்டு வேறொருவர் தீர்ப்பதும் தவறு என்பவை அதன் காரணங்கள்.

மெட்ராஸ் பார் அசோசியேஷன் தொடுத்த வழக்கில் 2010 மே மாதம் அரசியல் சாசன அமர்வு இன்னொரு படி மேலே போனது. தீர்ப்பாயங்களும் அவற்றின் உறுப்பினர்களும் தங்கள் தாய் அமைச்சகத்திடம் எந்த வசதியும் பெறக் கூடாது, நிர்வாக உதவி சட்ட அமைச்சகத்திடமிருந்து வர வேண்டும் என்றது.

மோட்டார் வாகனச் சட்டத்திலேயே முன்மாதிரி இருக்கிறது. பெர்மிட் மறுக்கப்பட்டால் பிரிவு 89-இன்படி மாநிலப் போக்குவரத்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அங்கே அமர்பவர் மாவட்ட நீதிபதிக்குக் குறையாத நீதித்துறை அலுவலராகவோ, உயர் நீதிமன்ற நீதிபதியாகும் தகுதி உள்ளவராகவோ இருக்க வேண்டும். பெர்மிட் வைத்திருக்கும் முதலாளிக்கு நீதிபதி கிடைக்கிறார். அதே வண்டியை ஓட்டுபவரின் சலானுக்கும் துறைக்கு வெளியே ஒருவர் வேண்டாமா?

யார் பணம் தருகிறார்கள்?

இங்கிலாந்தில் சுதந்திரமான விசாரணை, பணம் தருபவரைச் சார்ந்த விசாரணை என்ற இரண்டு வழிகளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. உள்ளாட்சி விதிக்கும் பார்க்கிங் அபராதத்தை 2004 சட்டத்தின் கீழ் அட்ஜுடிகேட்டர்கள் எனப்படும் தீர்ப்பாளர்கள் விசாரிக்கிறார்கள். 5 ஆண்டு சட்டத் தகுதி வேண்டும். நியமனத்துக்கு லார்டு சான்சலரின் சம்மதம் வேண்டும். தவறான நடத்தை, இயலாமை தவிர வேறு காரணத்துக்கு நீக்க முடியாது. செலவை ஏற்பது உள்ளாட்சிகளே. ஆனால் விதிக்கப்படும் அபராதங்களின் எண்ணிக்கையை வைத்து அது வசூலாகிறது. யார் வென்றார் என்பதை வைத்து அல்ல.

தனியார் நிலங்களில் கதை வேறு. பார்க்கிங் நிறுவனங்களின் சங்கம் ஒன்றுக்காக 2012 அக்டோபர் 1 அன்று தொடங்கிய ‘பாப்லா’ என்ற மேல்முறையீட்டுச் சேவையும், போட்டிச் சங்கம் ஒன்றின் மேல்முறையீட்டுச் சேவையும் பார்க்கிங் நிறுவனங்களின் பணத்தில் நடப்பவை. எந்தச் சங்கத்தில் சேருவது என்பதை நிறுவனமே தேர்ந்தெடுக்கும். அதோடு அதன் வழக்குகளைக் கேட்கும் அமைப்பும் முடிவாகிவிடும். வாகன ஓட்டிகளின் சந்தேகம் அங்கிருந்தே வளர்ந்தது. 2019-இல் இதற்கெனச் சட்டம் வந்தது. அதன்படி 2022 பிப்ரவரியில் வெளியான நடத்தை விதித் தொகுப்பு 4 மாதத்தில், ஜூனில், திரும்பப் பெறப்பட்டது. பணம் தருபவரின் பிடியைச் சட்டம் இயற்றிய பிறகும் தளர்த்துவது கடினம். ஆகவே அமைப்பை உருவாக்கும்போதே அதைச் சரியாகக் கட்ட வேண்டும்.

தமிழ்நாடு அரசிடம் கேட்க வேண்டியவை

குறைதீர்ப்பு அதிகாரி காவல் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் வெளியிலிருந்து வரட்டும்; ஓய்வு பெற்ற நீதித்துறை அலுவலர்கள் பொருத்தமானவர்கள். அவர் பதவிக்காலம் எழுத்தில் இருக்கட்டும். திருவொற்றியூர் மண்டலத்தில் மாதம் ஒரு நாளாவது நேரில் விசாரணை நடக்கட்டும். இணையத்தில் மனு எழுதத் தெரியாத ஓட்டுநரும் தன் வாயால் சொல்ல முடியும்.

ஒவ்வொரு மாதமும் மண்டல வாரியாக 6 எண்கள் வெளியாகட்டும்: விதித்த சலான், வந்த மறுப்பு, ஏற்றது, நிராகரித்தது, நீதிமன்றம் போனது, நீதிமன்றம் மாற்றியது. 100 மறுப்புகளில் 95 நிராகரிக்கப்படும் மண்டலமும் 40 ஏற்கப்படும் மண்டலமும் ஒரே நகரில் இருந்தால், மக்கள் காரணம் கேட்க அந்த எண்களே போதும்.

சாலையை மறித்து நிற்கும் வண்டிக்கு அபராதம் வேண்டும். ஆம்புலன்ஸுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வழி வேண்டும். அந்த அபராதத்துக்கு மதிப்பு நிலைக்க வேண்டுமானால், தவறாக எழுதிய சலானை ரத்து செய்யும் அதிகாரம், சலான் எழுதிய துறைக்குக் கட்டுப்படாத ஒருவர் கையில் இருக்க வேண்டும். அதுவரை 50 சதவீத முன்பணத்தைக் கேட்க அரசுக்கு நியாயம் இல்லை.