மலாக்காவின் வடகரை: அரை மணி தூரத்தில் இருந்தும் நாம் போகாத கடல்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் மலாக்காவுக்கு வெளியூர்க்காரர்கள் வந்து குவிகிறார்கள். ஜோங்கர் சாலை, சிவப்புக் கட்டடம், ஏ பாமோசா கோட்டை வாசல் என்று மூன்று இடங்களைச் சுற்றிவிட்டு மாலையே திரும்பிவிடுகிறார்கள். உள்ளூர் மக்களோ கடல் பார்க்க வேண்டுமென்றால் போர்ட்டிக்சனுக்கு வண்டியைத் திருப்புகிறார்கள். இரண்டுக்கும் நடுவில், அலோர் காஜா மாவட்டத்தின் கரையில், தஞ்சோங் பிடாராவிலிருந்து கோலா லிங்கி வரை நீளும் நம் மாநிலத்துக் கடற்கரை பேச்சில்லாமல் கிடக்கிறது.

பத்து பெரண்டாமில் இருந்து மஸ்ஜித் தானா ஏறக்குறைய 30 கிலோமீட்டர். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் கடலோரம் போய்ச் சேர்ந்துவிடலாம். இந்தக் கரையில் என்ன இருக்கிறது, ஏன் நம்மவர்கள் போக வேண்டும், போனால் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

கடல் வழி வந்தும் கடலை விட்டு விலகியவர்கள்

தமிழர்கள் மலாக்காவுக்கு இரண்டு காலங்களில் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் வணிகர்கள். சுல்தான்களின் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து துணி கொண்டு வந்து விற்றவர்கள் இங்கே தனிக் குடியிருப்பு வைத்திருந்தார்கள். 1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபின் நயினா சட்டு என்ற வணிகரைப் பெண்டஹாரா பதவியில் அமர்த்தினார்கள். அந்த வணிகர் மரபில் வந்த மலாக்கா செட்டிகள் 1781-இல் எழுப்பிய பொய்யாத விநாயகர் கோயில் இன்றும் துக்காங் எமாஸ் சாலையில் நிற்கிறது.

இரண்டாவதாக வந்தவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தை டான் சாய் யான் 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கினார். அதன்பின் ரும்பியா, பெகோ, காடேக், தெபோங், ஜாசின் என்று உள்நாட்டு மேட்டு நிலங்களில் தோட்டங்கள் பரவின. கடல் தாண்டி வந்தவர்கள் லயத்தில் குடியேறியதும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டியதாயிற்று. விடியலில் பிரட்டு, பகலில் பால்வாளி, ஞாயிறு என்றால் கோயில் அல்லது பட்டணத்துக் கடைத்தெரு. தோட்டத்து லோரியில் எல்லாரும் ஏறிக்கொண்டு போன சுற்றுலாதான் பலருக்குக் கடலோடு இருந்த ஒரே பழக்கம்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பத்து பெரண்டாம், செங் போன்ற வீடமைப்புப் பகுதிகளுக்கு மாறியபோது லோரிச் சுற்றுலாவும் நின்றது. கையில் சொந்த வண்டி வந்துவிட்டது. ஆனால் அந்தக் கரைக்கு வழி காட்ட ஆள் இல்லை.

நகரை விட்டு விலகும் கடல்

வடக்கே போகும் பாதை கிளேபாங்கில் தொடங்குகிறது. இங்கே இளநீரையும் ஐஸ்கிரீமையும் சேர்த்து அடித்துத் தரும் கடைகளில் எப்போதும் கூட்டம். கரையில் ஊசான் என்ற பழைய பிரெஞ்சு நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகமாக நிற்கிறது. அது நிற்கும் தரை ஒரு காலத்தில் கடல்.

மலாக்காவுக்கு இது புதிதல்ல. ஏ பாமோசா கோட்டை கட்டப்பட்டபோது அலை அதன் சுவர்ப்பக்கம் அடித்தது. இன்று கோட்டை வாசலில் நின்றால் கடல் கண்ணில் படாது. எதிரே இருக்கும் பேரங்காடிகள் எல்லாம் கடலைத் தூர்த்த நிலத்தில் எழுந்தவை. 2014-இல் அறிவிக்கப்பட்ட மலாக்கா கேட்வே திட்டமும் கடலைத் தூர்த்துச் செயற்கைத் தீவுகள் அமைப்பதற்கே. உஜோங் பாசிர் போர்த்துகீசியக் குடியிருப்பின் மீனவர்கள், கரை தள்ளிப்போவதால் தங்கள் பிழைப்பு போகிறது என்று பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறார்கள்.

கிளேபாங்கைத் தாண்டினால் தஞ்சோங் கிளிங். 'தஞ்சோங்' என்றால் முனை. 'கிளிங்' என்பது கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் பலரின் கருத்து. தென்னிந்திய வணிகர்களைக் குறித்த பெயர் அது. பிற்காலத்தில் இழிசொல்லாகத் திரிந்ததால் நம்மவர்களுக்கு அதைக் கேட்டாலே கசப்பு. ஆனாலும் இந்தப் பெயரும், 1748-இல் கட்டப்பட்ட கம்போங் கிளிங் பள்ளிவாசலின் பெயரும் சொல்வது ஒன்றுதான்: தோட்டம் வருவதற்கு முன்பே இந்தக் கரையில் நம்மவர் கால் பதிந்திருந்தது. ஹங் துவாவின் கல்லறை என்று வழங்கப்படும் இடமும் இங்கேதான் உள்ளது.

அதன்பின் தங்கா பத்து, சுங்கை ஊடாங். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் தெரெண்டாக் இராணுவ முகாமும் கரையை மறைத்துக்கொள்கின்றன. சாலை உள்ளே திரும்புகிறது. கடல் இத்தோடு முடிந்தது என்று நினைத்துப் பலர் இங்கேயே திரும்பிவிடுகிறார்கள். அழகான பகுதி இதற்கு அப்பால்தான் தொடங்குகிறது.

அழுங்கு ஆமை ஏறும் மணல்

மஸ்ஜித் தானாவிலிருந்து கடல் பக்கம் திரும்பினால் தஞ்சோங் பிடாரா. மர நிழல், மணல், ஆங்காங்கே பாறை, குடும்பத்தோடு பாய் விரித்து உட்கார இடம். இன்னும் வடக்கே பெங்காலான் பாலாக். இங்கே தங்குவதற்குச் சிறு விடுதிகள் உண்டு. மலாக்கா நீரிணையின் நீர் கிழக்குக் கரையைப் போல நீலமாக இருக்காது. சேறும் மணலும் கலந்த பழுப்பு நிறம். அதை அழுக்கு என்று நினைக்க வேண்டாம். ஆறுகள் கொண்டு வரும் வண்டல் ஆழமில்லாத நீரிணையில் கலங்குவதால் வரும் நிறம் அது.

இந்தக் கரையின் பெருமை ஆமை. தீபகற்ப மலேசியாவில் அழுங்கு ஆமைகள் மிக அதிகமாக முட்டையிடுவது மலாக்காவில்தான். கிளிமூக்கு போல வளைந்த வாயும் அழகிய ஓடும் கொண்ட இந்த இனம், உலக அளவில் அழியும் ஆபத்தின் கடைசி விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. சீப்பும் நகைப்பெட்டியும் செய்ய அதன் ஓட்டுக்காகவே வேட்டையாடித் தீர்த்தார்கள்.

பெங்காலான் பாலாக் அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வள இலாகாவின் ஆமைப் பாதுகாப்பு நிலையம் உள்ளது. இரவில் கரையேறும் ஆமை குழி தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மண்ணை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். அந்த முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பான மணலில் புதைக்கிறார்கள். ஏறக்குறைய இரண்டு மாதத்தில் குஞ்சு வெளியே வரும். மணலின் சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்பது ஆமையினத்தின் விந்தை. கரையோர மரங்களை வெட்டினால் நிழல் போய் மணல் கொதிக்கும். பிறக்கும் குஞ்சுகளின் கணக்கே மாறிவிடும்.

நகருக்கு எதிரே இருக்கும் உப்பே தீவும் ஒரு காலத்தில் இந்த ஆமைகளின் முக்கிய இடம். அதன் மணற்கரை அரித்துப்போனபின் அங்கே ஏறும் ஆமைகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால்தான் வடகரையின் மணலுக்கு இன்று இத்தனை மதிப்பு. தான் பிறந்த பகுதியைத் தேடி முட்டையிட வருவது ஆமையின் இயல்பு. வரும்போது கரை இல்லையென்றால் அதற்கு வேறு போக்கிடம் ஏது?

கோலா லிங்கியும் தஞ்சோங் துவானும்

மலாக்காவுக்கும் நெகிரி செம்பிலானுக்கும் எல்லை லிங்கி ஆறு. ஆறு கடலில் கலக்கும் கோலா லிங்கியில் ஒரு குன்றின்மேல் டச்சுக்காரர்கள் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய சிறு கோட்டையின் சுவர்கள் நிற்கின்றன. ஆற்று வழி வரும் ஈயத்தைக் கண்காணிக்கக் கட்டியது. பிலிப்பினா கோட்டை என்பது டச்சுப் பெயர். ஊர்மக்கள் சொல்வது கோத்தா சுப்பாய். அந்தப் பெயர் நம் 'சிப்பாய்' என்ற சொல்லையே நினைவூட்டும்.

ஆற்றைக் கடந்து நெகிரி செம்பிலானுக்குள் நுழைந்து போனால், மறுபடியும் மலாக்கா மண் வருகிறது. தஞ்சோங் துவான் என்ற காட்டு முனை, சுற்றிலும் நெகிரி செம்பிலான் சூழ இருந்தாலும், மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. மேலே உள்ள கலங்கரை விளக்கத்தை முதலில் அமைத்தவர்கள் போர்த்துகீசியர். இப்போதுள்ள கோபுரம் 1863-இல் எழுந்தது. 1606-இல் டச்சு, போர்த்துகீசியக் கப்பற்படைகள் மோதியது இந்த முனைக்கு எதிரே. அப்போது மூழ்கிய நாசாவ் என்ற டச்சுக் கப்பலின் சிதைவுகள் 1990-களில் கண்டெடுக்கப்பட்டன.

பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை இங்கே வேறொரு காட்சி. குளிர்காலத்தைச் சுமத்ராவில் கழித்த தேன் பருந்துகள் வடக்கே திரும்பும் காலம் அது. பருந்து இறக்கை அடிக்காமல் உயரப் பறக்க நிலத்திலிருந்து எழும் சூடான காற்று வேண்டும். கடலின்மேல் அது கிடைக்காது. எனவே நீரிணை ஒடுங்கிய இடத்தைத் தேர்ந்து கடக்கின்றன. அந்த இடத்திற்கு நேரே இருப்பது தஞ்சோங் துவான். களைத்து வரும் பறவைகள் மரத்தலையை ஒட்டியே பறந்து வருவதால், வெறுங்கண்ணாலேயே நன்றாகப் பார்க்கலாம். மலேசிய இயற்கைக் கழகம் மார்ச் மாதத்தில் பறவை பார்க்கும் விழா நடத்துவது வழக்கம்.

ஒரு நாள் திட்டம்

ஒரே நாளில் பார்க்க நினைப்பவர்கள் தூரத்தில் உள்ளதை முதலில் முடிப்பது நல்லது. காலையிலேயே தஞ்சோங் துவான் போய்விட்டால் காட்டு ஏற்றத்தை வெயிலுக்கு முன் நடந்துவிடலாம். பருந்து பார்க்க வேண்டுமென்றால் காலை 10 மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். திரும்பும் வழியில் கோலா லிங்கி, பிற்பகலில் ஆமை நிலையம், மாலையில் தஞ்சோங் பிடாரா. மேற்கு பார்த்த கரை என்பதால் சூரியன் கடலுக்குள் இறங்குவதைக் காணலாம்.

இன்னும் நேரம் இருந்தால் அலோர் காஜா வழியாகத் திரும்பலாம். வழியில் நானிங். பத்தில் ஒரு பங்கு வரி கேட்ட ஆங்கிலேயரை எதிர்த்து டோல் சாயிட் 1831-32-இல் போரிட்ட பூமி. அவரை அடக்க ஆங்கிலேயர் கொண்டு வந்த படையில் மதராஸ் சிப்பாய்களும் இருந்தார்கள் என்பது நம் வரலாற்றின் இன்னொரு பக்கம். காடேக் வெந்நீர் ஊற்றும் இந்தப் பக்கம்தான். தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் கதை சொல்வார்கள்.

போகுமுன் கவனிக்க

• கடல் வற்றும் நேரத்தில் போனால் நீரைத் தேடி நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். அது நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும்.

• மலாக்கா சென்ட்ரலிலிருந்து மஸ்ஜித் தானா வரை பேருந்தில் போகலாம். அங்கிருந்து கடற்கரைகளுக்குச் சொந்த வண்டி அல்லது வாடகை வண்டி தேவை. வண்டியில்லாத பெரியவர்கள் இருந்தால் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து வேன் எடுப்பது செலவைக் குறைக்கும்.

• தஞ்சோங் துவானில் குரங்குகள் உண்டு. உணவுப் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு நடக்காதீர்கள். கலங்கரை விளக்க வளாகத்தினுள் பெரும்பாலும் அனுமதி கிடைக்காது.

• இரவில் தங்குபவர்கள் கடற்கரையில் தீ மூட்டுவதையும் கைப்பேசி விளக்கை அடிப்பதையும் தவிர்க்க வேண்டும். வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். குஞ்சுகள் கடலுக்குப் பதில் விளக்கை நோக்கி ஊர்ந்து சாகும்.

• ஆமை முட்டையை யார் விற்றாலும் வாங்காதீர்கள். நெகிழிப் பைகளைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.

• பள்ளிச் சுற்றுலாவுக்கு இடம் தேடும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஆமை நிலையத்தை முன்கூட்டியே தொடர்பு கொண்டு கேட்கலாம். பாடநூலில் படிக்கும் வாழ்க்கைச் சுழற்சியைப் பிள்ளைகள் நேரில் பார்ப்பதற்கு இதைவிடப் பக்கத்தில் வேறு இடம் இல்லை.

ஆள் போகாத கரை யாருக்கும் வேண்டாத கரை என்று கணக்கில் எழுதப்படுவது எளிது. அப்படி எழுதப்பட்ட கரையைத் தூர்க்க வரும்போது தடுத்துக் கேட்கவும் ஆள் இருக்காது. கிளேபாங்கில் இளநீர் குடித்துவிட்டுத் திரும்பும் வண்டிகள் அடுத்த முறை இன்னும் அரை மணி நேரம் வடக்கே ஓடட்டும்.