இருமல் மருந்தும் இழந்த நம்பிக்கையும்

மருந்துச் சீட்டை வாங்கும் பெற்றோர் முன்பெல்லாம் “எத்தனை வேளை?” என்றுதான் கேட்பார்கள். 2025 அக்டோபருக்குப் பிறகு அந்தக் கேள்வி மாறிவிட்டது. “இதக் குடுக்கலாமா, டாக்டரம்மா?”

அந்த அச்சம் நியாயமானதே. காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஸ்ரீசன் நிறுவனம் தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தை அருந்திய மத்தியப் பிரதேசக் குழந்தைகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிறுநீரகம் செயலிழந்து இறந்தனர். அம்மருந்தின் ஒரு தொகுதியைத் தமிழ்நாடு அரசின் ஆய்வகம் சோதித்தபோது, 0.1 விழுக்காட்டுக்கு மேல் இருக்கக்கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 விழுக்காடு இருந்தது. நிறுவனத்தின் உரிமத்தை அரசு ரத்து செய்தது.

மருந்துக்குள் நஞ்சு எப்படி வருகிறது? நீர்ம மருந்துகளில் மூலப்பொருளைக் கரைக்கப் புரோப்பிலீன் கிளைக்கால், கிளிசரின் போன்றவை சேர்க்கப்படுகின்றன. மருந்துக்குரிய தூய வகைக்குப் பதிலாகத் தொழிற்சாலைகளுக்கான மலிவு வகையைப் பயன்படுத்தினால், அதனுடன் இந்த நச்சும் கலந்து வரக்கூடும். அதற்கு நிறமில்லை, சுவையோ இனிப்பு. தாயாலும் மருத்துவராலும் பார்த்துக் கண்டறிய முடியாது. ஆய்வகச் சோதனை ஒன்றே வழி. அமெரிக்காவில் 1937இல் நூற்றுக்கும் மேற்பட்டோரும், மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில் 1986இல் பதினான்கு பேரும் இதே நஞ்சால் இறந்தனர். இவ்வளவு காலமாக அறிந்த ஆபத்தைச் சோதிக்காமல் விடுவதை விபத்து என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அச்சம் வேறு வழியிலும் குழந்தைகளைத் தாக்குகிறது. தீப்பெட்டி ஆபீசில் வேலை செய்யும் தாய் ஒருவர், செய்தியைப் பார்த்துவிட்டு, மகனுக்குக் கொடுத்துவந்த வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டார். அதுவும் சிரப்தானே என்பது அவர் எண்ணம். சில நாட்களில், நள்ளிரவில், நிற்காத வலிப்புடன் சிறுவனைத் தூக்கி வந்தார். அவரைக் கடிந்துகொள்ள என்னால் இயலவில்லை. அவருடைய மருந்து தடை செய்யப்பட்டதன்று என்பதை, தொகுதி எண்ணைக் காட்டி விளக்கினேன். அதை நாங்கள் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

வலிப்பு, காசநோய், இதயநோய் மருந்துகளை ஐயம் காரணமாக நிறுத்தாதீர்கள். பாட்டிலுடன் வந்து கேளுங்கள். இருமலுக்கோ பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு இருமல் மருந்து கூடாது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கும் பொதுவாக வேண்டாம் என்பதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் அறிவுரை. கரிசல் புழுதி பறக்கும் நாட்களில் இருமல் வருவது இயல்பு. வெதுவெதுப்பான நீர் போதும். ஒரு வயது கடந்த குழந்தைக்குச் சிறிது தேனும் தரலாம். மூச்சு வேகமாக வாங்கினாலோ நெஞ்சு உள்வாங்கினாலோ காத்திருக்க வேண்டாம்.

மருந்தை எப்போதும் ரசீதுடன் வாங்குங்கள். மருந்து கொடுத்தபின் வாந்தி, வயிற்றுவலி ஏற்பட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ உடனே வாருங்கள். மருந்தின் பக்கவிளைவுகளை 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலும் தெரிவிக்கலாம். பாட்டிலை மட்டும் எறிந்துவிடாதீர்கள். சோதனைக்கு அனுப்ப அதில் மிஞ்சியிருக்கும் மருந்துதான் வேண்டும்.