பழைய கார் ‘மிஸ்’ அடிக்குதா? பார்ட்ஸ் மாத்துறதுக்கு முன்னாடி எந்த சிலிண்டர்னு பாருங்க!

ஐப்பசி மழை விட்ட ஒரு காலை. பேராவூரணியில் இருந்து அப்பத்தாவை தஞ்சாவூர் மெடிக்கலுக்கு செக்கப்புக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். பெரியப்பாவின் பழைய மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். பட்டுக்கோட்டை ரோட்டில் ஏறியதுமே வண்டி வெட்டி வெட்டி இழுத்தது. பிக்கப் இல்லை. நிறுத்தினால் ஸ்டியரிங் முதல் சீட் வரை குலுங்கியது. கடைசியில் அப்பத்தாவை பட்டுக்கோட்டையில் பஸ் ஏற்றித்தான் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அடுத்த சில வாரங்களில் பிளக் மாற்றினோம், கார்புரேட்டரை சர்வீஸ் செய்தோம், பெட்ரோல் பம்ப்பையும் மாற்றினோம். ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் போச்சு, குலுக்கல் மட்டும் போகலை. பிறகு பார்த்த இன்னொரு மெக்கானிக் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “எப்பப்ப மிஸ் அடிக்குது?” மழை பெய்தால் வரும், வெயில் ஏறினால் போய்விடும். இதை அதுவரை நாங்க யாருகிட்டயும் சொல்லவே இல்லை. அவர் ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து பிளக் வயர்கள் மேல் லேசாக அடித்தார். வண்டி உடனே குலுங்கியது. இரண்டாவது சிலிண்டருக்குப் போகும் வயரை கொட்டகையில் எலி கடித்திருந்தது. சில நூறு ரூபாய் வேலை!

‘மிஸ்’ என்றால் என்ன?

மிஸ்ஃபயர் என்பதைத்தான் நம்ம ஊர் பட்டறைகளில் ‘மிஸ்ஸிங்’ என்கிறார்கள். ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவதுதான் விஷயம்.

1983 டிசம்பரில் அறிமுகமாகி 2014 ஜனவரியில் உற்பத்தி நின்ற மாருதி 800-ஐ எடுத்துக்கொள்வோம். 796 சிசி, மூன்று சிலிண்டர். இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 முறை சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் 1,500 முறை எரிய வேண்டும். ஒன்று மட்டும் எரியாவிட்டாலே இன்ஜின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. அதனால்தான் மூன்று சிலிண்டர் வண்டிகளில் குலுக்கல் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

சிலிண்டர் எரிய மூன்று விஷயம் வேண்டும். சரியான நேரத்தில் தீப்பொறி, சரியான அளவில் காற்றும் பெட்ரோலும், போதுமான அழுத்தம் (கம்ப்ரஷன்). இதில் எது இல்லை என்று தெரியாமல் பார்ட்ஸ் மாற்றுவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் மாத்திரை மாற்றுவது மாதிரி.

முதல் கேள்வி: எப்போது?

* மழை, பனி நேரத்தில் மட்டும் வந்தால்: பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில் ஆகியவற்றில் கரன்ட் கசிகிறதா என்று பாருங்கள். இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், கசியும் இடத்தில் நீலப் பொறி தெரியும்.
* நிற்கும்போது குலுங்கி, வேகம் எடுத்தால் சரியானால்: வெடித்த வேக்கம் ஹோஸ், கார்புரேட்டரில் ஐடிலிங் ஜெட் அடைப்பு.
* லோடு ஏற்றி இழுக்கும்போது வந்தால்: பலவீனமான தீப்பொறி அல்லது பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு. கேஸில் ஓடும் வண்டிக்கு இன்னும் வலுவான தீப்பொறி தேவை என்பதால், தேய்ந்த பிளக் அங்கே சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

நம்ம பகுதிக்கு இரண்டு கூடுதல் எதிரிகள் உண்டு. ஒன்று, சேதுபாவாசத்திரம் பக்கமிருந்து வரும் உப்புக்காற்று. கனெக்டர்களில் பச்சையாகக் களிம்பு பிடிக்கும். இன்னொன்று, தென்னந்தோப்புக் கொட்டகைகளில் குடியிருக்கும் எலியும் அணிலும்!

இரண்டாவது கேள்வி: எந்த சிலிண்டர்?

இன்ஜினை ஆஃப் செய்துவிட்டு, ஒரு பிளக் வயரைக் கழற்றுங்கள். அதன் முனையில் ஒரு பழைய பிளக்கைச் செருகி, அந்த பிளக்கின் உலோகப் பகுதி இன்ஜின் உலோகத்தில் நன்றாகத் தொடும்படி கட்டிவிடுங்கள். பிறகு சில நொடிகள் மட்டும் ஸ்டார்ட் செய்து பாருங்கள். குலுக்கல் இன்னும் மோசமானாலோ, வண்டி நின்றுபோனாலோ அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. எந்த மாற்றமும் இல்லையென்றால், அதுதான் உங்கள் குற்றவாளி.

ஓடும் இன்ஜினில் வயரைக் கையால் பிடுங்காதீர்கள். அதில் பாய்வது பல ஆயிரம் வோல்ட். ஷாக் அடிக்கும், காயிலும் போகலாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. பெட்ரோல் வாசம் அடித்தால் டெஸ்ட்டே வேண்டாம். பயமாக இருந்தால் மெக்கானிக்கிடமே செய்யச் சொல்லுங்கள்.

மூன்றாவது: இடம் மாற்றிப் பாருங்கள்

குற்றவாளி இரண்டாவது சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் பிளக்கை ஒன்றாவதில் போட்டு, ஒன்றாவதன் பிளக்கை இங்கே போடுங்கள். மிஸ்ஸிங் ஒன்றாவதற்கு மாறிவிட்டதா? பிளக்தான் காரணம். மாறவில்லையா? அடுத்து வயர். மல்ட்டிமீட்டரை வைத்தால் கார்பன் வயர் கிலோ ஓம் கணக்கில் ரெசிஸ்டன்ஸ் காட்டும். எதுவுமே காட்டவில்லை என்றால் உள்ளே அறுந்திருக்கிறது. செலவு இதுவரை பூஜ்யம்.

கழற்றிய பிளக்கும் பேசும். வெளிர் பழுப்பு என்றால் நலம். காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் தீப்பொறி இல்லை. ஆயில் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல்.

பிளக், வயர், பெட்ரோல் எல்லாம் சரி, அப்பவும் மிஸ் அடிக்குதா? கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் குறைவாக இருந்தால், அதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு ஏறினால் ரிங் தேய்மானம். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள் இரண்டிலும் குறைந்தால் ஹெட் கேஸ்கெட் மேல் சந்தேகம்.

எல்லாம் எத்தனால் பெட்ரோலால்தானா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு, எந்தக் கோளாறு என்றாலும் பழி அதன் மேல்தான். பழைய வண்டிகள் அதற்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல என்பது உண்மை. எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸ்களையும் பாதிக்கலாம். ஆனால், கார்புரேட்டர் வண்டியில் எல்லா சிலிண்டருக்கும் போவது ஒரே பெட்ரோல். ஒரே சிலிண்டர் மட்டும் தொடர்ந்து எரியவில்லை என்றால், பங்க்கைத் திட்டுவதற்கு முன் பிளக் வயரைப் பாருங்கள்.

அப்படியே ஓட்டினால் என்ன?

எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். மீதி சைலன்சர் வழியாகப் போகும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அது அங்கே போய் எரிந்து, கன்வெர்ட்டர் பழுக்கக் காய்ந்துவிடும். அந்த வண்டியைத் தென்னஞ்சருகு மேலோ வைக்கோல் மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது “வண்டி சரியில்லண்ணே” என்று மட்டும் சொல்லாதீங்க. எப்போது மிஸ் அடிக்கிறது, எந்த சிலிண்டர், இதுவரை என்னென்ன மாற்றினீர்கள். இந்த மூன்றையும் சொல்லுங்கள். நாங்கள் முதல் நாளே சொல்லியிருந்தால் ஆறாயிரம் மிச்சம். அப்பத்தாவும் அடுத்த செக்கப்புக்கு பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு போயிருக்க வேண்டாம்.