பிடித்த பாம்பைத் திரும்ப விடுகிறார்கள்!

பாம்பென்றால் படையும் நடுங்கும். ஆனால் திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் பலருக்கு அதுவே சோறு போட்டது.

திருப்பாச்சூர் கோவிலில் ஒரு கதை சொல்வார்கள். கரிகாலனைக் கொல்லக் குடத்தில் பாம்பை வைத்து அனுப்பினார்களாம். சிவபெருமான் பாம்பாட்டியாக வந்து காப்பாற்றினாராம். அது புராணம். இது நடப்பு.

முன்பு இருளர்கள் பாம்புத் தோலை விற்றார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1976-ல் தோல் ஏற்றுமதியும் நின்றது. அடுப்பில் பூனை தூங்கியது! 1978-ல் ரோமுலஸ் விட்டேக்கர் உதவியோடு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். வடநெம்மேலியில் இருக்கிறது. தோல் வேண்டாம், விஷம் போதும்!

காடு பொது. ஆளாளுக்கு அள்ளினால் என்ன மிஞ்சும்? அதனால்தான் கட்டுப்பாடு. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் மட்டுமே பிடிக்கலாம். எத்தனை என்று அரசு சொல்லும். அதற்கு மேல் கூடாது. பாம்பு மண்பானையில் மூன்று, நான்கு வாரம் விருந்தாளி. சில தடவை விஷம் எடுத்ததும், பழையபடி காட்டுக்கு!

அதே பாம்பை மறுநாளே பிடித்து வந்தால்? அதற்கும் வழி உண்டு. விடும் முன் வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டுவார்கள். சட்டை உரிக்க உரிக்க அது மறையும். அதுவரை அந்தப் பாம்பைச் சங்கம் வாங்காது. எவ்வளவு எளிய யோசனை, பாருங்கள்!

இந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் இரத்தத்திலிருந்து மருந்து எடுக்கிறார்கள். வயலில் கடிபட்டவருக்குப் போடும் ஊசி அதுதான். ஆனால் அரசு அனுமதி தாமதமானால் பானை காலி, பிடிப்பவர் கையும் காலி.

2023-ல் இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. பள்ளிக்கூடம் சொல்லித் தராத வித்தைக்கு டில்லியில் மரியாதை!