அவையில் பாடிய கணிப்பொறி

தாம் உருவாக்கிய நிரல் ஒன்றை ஊரிலுள்ள கணிப்பொறி ஆர்வலர் கூட்டத்தில் எடுத்துரைக்க விரும்புவோர் பெரும்பாலும் நீண்ட முன்னுரையையே முதலில் ஆயத்தம் செய்கின்றனர். நிரல் செய்யும் வேலையை அவையோர் நேரில் கண்டும் கேட்டும் அறிந்துவிட்டால் முன்னுரைக்குத் தேவையே எழாது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். வானொலி நேயர்களுக்கு அதில் தனிச் சுவையும் உண்டு.

அவ்வாண்டு மார்ச்சு 5ஆம் நாள், கலிபோர்னியா மாநிலத்து மென்லோ பார்க் என்னும் ஊரில், கார்டன் பிரெஞ்சு என்பாரின் மோட்டார்க் கொட்டகையில் முப்பதுக்கும் மேற்பட்ட ஆர்வலர் கூடினர். ஹோம்புரூ கணிப்பொறிக் கழகம் அங்குப் பிறந்தது. ஹோம்புரூ என்பது வீட்டிலேயே காய்ச்சிய மதுவைக் குறிக்கும் சொல். மொழிபெயர்ப்பாளருக்குச் சங்கடம் தரும் பெயர்தான். அவர்களை ஒன்றுகூட்டியது ஆல்ட்டேர் 8800 என்னும் சிறு கணிப்பொறி. உறுப்புகளாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளத்தக்க அப்பொறிக்குத் தட்டச்சுப் பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளை மேலும் கீழும் தள்ளிக் கட்டளைகளை ஒவ்வொன்றாக ஊட்டவேண்டும்; விடையைச் சிறு விளக்குகள் எரிவதும் அணைவதும் கொண்டு உணரவேண்டும். இதனால் யாது பயன் என்று வீட்டார் கேட்டால், பொறிக்கு உடையவரே விழிக்கவேண்டிய நிலை.

ஸ்டீவ் டாம்பியர் என்னும் உறுப்பினர் எண்களை வரிசைப்படுத்தும் நிரலொன்றை இயக்கியபோது, அருகிலிருந்த வானொலிப் பெட்டி விந்தையாக இரைந்தது. பொறியினுள் மின்துடிப்புகள் ஓடுகையில் மெல்லிய வானொலி அலைகள் கசிகின்றன. ஒரே கட்டளைத் தொடரைப் பொறி திரும்பத் திரும்பச் செய்யுமாயின் அக்கசிவும் சீராக ஏறி இறங்கும். வானொலி அதனை ஒரு சுரமாக ஒலிக்கும். சுழற்சி விரைந்தால் சுரம் உயரும், தாமதித்தால் தாழும். ஒலிபரப்புவோர் வெறுக்கும் இடையூற்று இரைச்சலையே டாம்பியர் இசைக்கருவியாக்கிக்கொண்டார்.

ஏப்ரலில் கழகம் ஒரு பள்ளியில் கூடியது. டாம்பியர் சுவிட்சுகளைத் தள்ளி நிரலை ஏற்றிக்கொண்டிருக்கையில், மின்கம்பியில் கால் இடறி மின்சாரம் அற்றுப்போக, நினைவகம் வெறுமையாயிற்று. சலியாது முதலிலிருந்து மீண்டும் ஏற்றினார். பின்னர் வானொலிப் பெட்டியைப் பொறியருகே வைத்து இயக்கினார். பீட்டில்ஸ் குழுவினரின் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' பாட்டின் மெட்டு எழுந்தது. அது முடிந்ததும் 'டெய்சி' என்னும் பழம்பாட்டு. 1961இல் பெல் ஆய்வுக்கூடத்துப் பெருங்கணிப்பொறி பாடியதும் அதுவே. அரங்கம் கரவொலியால் அதிர்ந்தது. பயன் யாது என்ற கேள்வியை அன்று எவரும் எழுப்பியிருக்கமாட்டார்கள்.

டாம்பியர் தம் முறையை மறைக்கவில்லை. அவ்வாண்டிலேயே 'பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி' இதழில் அதனை விளக்கி எழுதினார். ஆல்ட்டேர் வைத்திருந்தோர் தம் பொறியையும் பாடவைக்க வழி பிறந்தது.

நிரலைப் பொதுவில் வைக்க எல்லாரும் இசைந்தனர் எனல் பொருந்தாது. ஆல்ட்டேருக்காகத் தாமும் நண்பரும் எழுதிய பேசிக் மொழி நிரலை ஆர்வலர்கள் விலை கொடாமல் படியெடுப்பதைக் கண்டித்து, பில் கேட்ஸ் 1976 பிப்ரவரியில் ஒரு திறந்த மடல் விடுத்தார். அம்மடலையும் கழகம் தன் செய்தித்தாளில் வெளியிட்டது.