பவளத் தொட்டியில் ஒரு வில்லன்!

வீட்டில் பவளத் தொட்டி வைத்திருப்பவர்களைக் கதறவிடும் பெயர், ஐப்டேசியா. கடையில் வாங்கும் கல்லோடு ஒட்டிக்கொண்டு வரும் பழுப்பு நிறக் கடல் சாமந்தி இது. பார்க்கக் குட்டிப் பனைமரம் மாதிரி அழகாகத்தான் இருக்கும். ஆனால், பக்கத்துப் பவளங்களைக் கொட்டியே கருக்கிவிடும்.

கத்தியால் சுரண்டலாமா? கூடவே கூடாது. கல்லில் தங்கும் துணுக்கிலிருந்தும் புதிதாக ஒன்று முளைக்கும்.

மோட்டாரை நிறுத்திவிட்டு, நீர்த்த சுண்ணாம்பைக் குழைத்து சிரிஞ்சால் அதன் வாயில் செலுத்துவது பழகிய வழி. ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் போட்டால் தண்ணீரின் காரத்தன்மை எகிறிவிடும். நாளுக்குச் சில போதும். பெப்பர்மின்ட் இறாலும் இதைத் தின்னும். ஆனால், அதே சாயலில் இருக்கும் கேமல் இறாலை வாங்கிவந்தால், பவளத்தையே பதம் பார்த்துவிடும்!

வெறுத்துப்போய்க் கல்லைக் கொதிநீரில் போடுபவர்களும் உண்டு. இதுதான் உயிருக்கே உலை. அந்தக் கல்லில் பொத்தான் போன்ற பாலிதோவா ஒட்டியிருந்தால், அதிலுள்ள பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியோடு நுரையீரலுக்குள் போகும். கொதிக்கவைக்காமல் தேய்த்துக் கழுவினாலும் ஆபத்துதான். 2018-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷையரில், தொட்டியிலிருந்து பவளத்தை எடுத்துச் சுத்தம் செய்த வீட்டில், குடும்பமே மருத்துவமனைக்குப் போனது. உதவிக்கு வந்த தீயணைப்பு வீரர்களும்தான்!

தொட்டியில் கைவைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் அவசியம். கல்லைக் கையாண்ட பிறகு காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால் வீட்டிலுள்ள எல்லோரும் உடனே வெளியேறுங்கள். மருத்துவரிடம் பவளத் தொட்டி பற்றி மறக்காமல் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், சாதாரணக் காய்ச்சல் என்றே நினைத்துவிடக்கூடும்.